மிஷனரியா போனா கஷ்டப்பட்டே ஆகணுமா? தம்பி குடும்பத்தோட பணித்தளம் போறான்

தாமிரபரணி
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். இங்க வாசிச்சுட்டு போறதோட சரி, எழுதுனது இல்ல. என் தம்பி பெங்களூர்ல சாஃப்ட்வேர் கம்பெனில இருக்கான், கல்யாணமாகி ஒரு பொம்பளப் புள்ள, நாலு வயசு. காலேஜ் படிக்கும்போதே ஒரு கேம்ப்ல ஒப்புக்கொடுத்தவன், இப்ப பேப்பர் போட்டுட்டான். ஜூன்ல ஜார்க்கண்ட் ராஜ்மகால் மலைக்கு குடும்பமா போறாங்க, மால்தோ பேசுற பகாடியா ஜனங்க மத்தியில ஸ்கூல் வேலையும் சபை வேலையும்.

அவன் போறதுல எனக்கு வருத்தமே இல்ல, எங்க ஆச்சி காலத்துல இருந்து மிஷனுக்கு கைப்பிடி அரிசி எடுத்து வைக்கிற வீடு எங்க வீடு. எனக்கு இடிக்கிறது வேற. பக்கத்துல ஆஸ்பத்திரி எங்க இருக்கு, பாப்பாவுக்கு காய்ச்சல்னா என்ன செய்வீங்க, இன்சூரன்ஸ் போட்டாச்சான்னு கேட்டேன், அங்க இருந்த சபை பெரியவர் ஒருத்தர் "ஏம்மா பாடு இல்லாம ஊழியம் உண்டா, இப்பவே கணக்கு பாத்தா எப்படி"ன்னு சிரிச்சுகிட்டே சொல்லிட்டார். தம்பியும் தலையாட்டுறான். பாடு வரும்னு வேதத்துல இருக்கு, வந்தா ஏத்துக்கணும், அதெல்லாம் தெரியும். ஆனா வராம பாத்துக்க முடியுறதையும் ஏத்துக்கணுமா, அதுவும் நாலு வயசு புள்ளைக்கும் சேத்து? பிரசங்கம் வேண்டாம் ப்ளீஸ், அனுபவம் இருக்குறவங்க சொல்லுங்க.

பாளை_ஜெபராஜ்
சிஸ்டர், உங்க தம்பிக்காக கர்த்தருக்கு ஸ்தோத்திரம். பிரசங்கம் வேண்டாம்னுட்டீங்க, இருந்தாலும் வேதத்த விட்டுட்டு இத பேச முடியாது. பவுல கர்த்தர் கூப்பிட்டப்ப அனனியா கிட்ட என்ன சொன்னார், என் நாமத்தினிமித்தம் இவன் எவ்வளவு பாடுபடணும்னு நான் இவனுக்கு காண்பிப்பேன்னு தான (அப்போஸ்தலர் 9:16). அழைப்பும் பாடும் ஒரே மூச்சுல வருது. 2 கொரிந்தியர் 11 எடுத்து பாருங்க, அடி, கல்லெறி, கப்பல் சேதம், பசி, குளிர், நிர்வாணம், பவுல் தன் பயோடேட்டாவா எழுதுனதே அதத்தான்.

நம்ம மண்ணுக்கு வந்தவங்கள பாருங்க. சீகன்பால்கு 1706 ஜூலை 9 தரங்கம்பாடில இறங்குனப்ப 24 வயசு கூட ஆகல. ரெண்டு வருஷத்துல ஜெயில், நாலு மாசம், எழுத பேனா பேப்பர் கூட இல்ல. 1719ல கண்ண மூடும்போது 36 வயசு, அதுக்குள்ள புதிய ஏற்பாடு தமிழ்ல அச்சாகி வெளிய வந்தாச்சு. ஏமி கார்மைக்கேல் அம்மா 1895ல இந்தியா வந்தவங்க, 1951ல டோனாவூர்ல சாகுற வரைக்கும் ஒரு தடவ கூட சொந்த ஊரு திரும்பல. கடைசி 20 வருஷம் படுக்கைல, ஒரே ரூம்ல. மிஷனரி வாழ்க்கை எப்படி இருக்கும்னு எழுதி கேட்ட ஒரு பொண்ணுக்கு அவங்க எழுதுன பதில், அது சாகுறதுக்கு ஒரு வாய்ப்பு, அவ்வளவுதான்னு. இந்த மாதிரி ஆளுங்க இன்சூரன்ஸ் கேட்டிருந்தா இன்னைக்கு நீங்களும் நானும் எங்க இருப்போம்? உங்கள குத்திக்காட்ட சொல்லல, யோசிச்சு பாருங்கன்னு சொல்றேன்.

மிஷன்பையன்
ஜெபராஜ் ஐயா, மரியாதையோட பதில் சொல்றேன், கொஞ்சம் நீளமா போகும். நான் மிஷனரி வீட்டுப் புள்ள, அப்பா அம்மா ரிட்டயர் ஆகுற வரைக்கும் வடநாட்டுல பணித்தளத்துல இருந்தவங்க. எந்த இயக்கம்னு சொல்ல மாட்டேன், அது இங்க தேவையும் இல்ல.

சீகன்பால்கு ஜெயிலுக்கு போனார் சரி, யார் போட்டா? ஊரு ராஜா போடல, இந்துக்கள் போடல. டென்மார்க் கம்பெனியோட தரங்கம்பாடி கமாண்டர் ஹாசியஸ் போட்டான், அவனும் கிறிஸ்தவன், ஞாயித்துக்கிழமை கோயிலுக்கு போறவன். ஒரு ஏழை விதவையோட கடன் விவகாரத்துல இவர் அந்தம்மா பக்கம் நின்னார், அது கம்பெனிக்கு பிடிக்கல. அப்ப இத "ஊழியத்தின் பாடு"ன்னு மாலை போட்டு வைக்கிறதுக்கு முன்னாடி, நம்ம ஆளுங்களே நம்ம மிஷனரிக்கு குடுத்த தொல்லைன்னு சொல்லணும்ல? இன்னைக்கும் அதே கத தான், மிஷனரிக்கு வர்ற கஷ்டத்துல முக்காவாசி கூட இருக்குறவனால வருது.

கார்மைக்கேல் அம்மா விஷயமும் அப்படித்தான். 1931 அக்டோபர்ல களக்காட்டுல புதுசா எடுத்த வீட்ட பாக்க போனப்ப இருட்டுல ஒரு குழில விழுந்தாங்க, கக்கூஸுக்கு தோண்டுன குழி, தோண்ட வேண்டிய இடத்த விட்டு வேற இடத்துல தோண்டி வச்சிருக்காங்க. கால் ஒடிஞ்சுது, அப்புறம் ஒன்னு மேல ஒன்னா வந்து எந்திரிக்கவே இல்ல. அந்த படுக்கைல இருந்து அவங்க எழுதுனத எத்தன நோயாளிங்க படிச்சு தேறுனாங்க, தேவன் அத உபயோகப்படுத்துனாருன்னு சொல்லுங்க, கைய தூக்கி ஆமென் சொல்றேன். அதுக்காக அடுத்து வர்றவங்க விழட்டும்னு குழிய மூடாம விடுவீங்களா? தாமிரபரணி அக்கா கேக்குறது குழிய மூடியாச்சான்னு தான், அதுக்கு பேர் அவிசுவாசமா?

என் வீட்டு கத ஒன்னு சொல்றேன். அம்மாவுக்கு சுகர், இன்சுலின் போடுறவங்க. கரண்ட் இருந்தும் ஃப்ரிட்ஜ் கிடையாது, ரெண்டு மண்பானைய ஒன்னுக்குள்ள ஒன்னு வச்சு நடுவுல ஈர மணல் போட்டு அதுக்குள்ள மருந்து பாட்டில வச்சிருப்பாங்க, மே மாசத்துல மூணு நேரமும் தண்ணி ஊத்தணும், லீவுக்கு வந்தா அந்த வேலை எனக்கு. அப்புறம் அப்பா ஒரு செகண்ட் ஹேண்ட் சிங்கிள் டோர் ஃப்ரிட்ஜ் வாங்குனார். அந்த வருஷம் பணித்தளம் பாக்க ஊர்ல இருந்து ஒரு டீம் வந்துச்சு, நல்லா சாப்ட்டாங்க, ஜெபம் பண்ணாங்க, போட்டோ எடுத்தாங்க. போயிட்டு ஊர்ல போய் "மிஷனரி வீட்ல ஃப்ரிட்ஜ் எல்லாம் இருக்கு, நம்ம வீட்ட விட வசதியா இருக்காங்க"ன்னு சொன்னது சுத்தி சுத்தி எங்க காதுக்கே வந்துச்சு. தாங்கிட்டு இருந்த ரெண்டு குடும்பம் அதோட பணத்த நிறுத்திட்டாங்க. அம்மா அத பத்தி ஒரு வார்த்த பேசல, ஆனா அதுக்கப்புறம் யார் வந்தாலும் ஃப்ரிட்ஜ் மேல ஒரு பெட்ஷீட்ட போத்திருவாங்க.

பாடு அனுபவிக்க என் அப்பா அம்மா ரெடியாத்தான் போனாங்க. அத வேடிக்க பாக்க வர்றவங்களுக்கு திருப்தி ஆகுற அளவுக்கு அனுபவிக்கணும்னு எந்த அதிகாரத்துல இருக்கு?

பாளை_ஜெபராஜ்
பிரதர், படிச்சதும் சங்கடமா போச்சு. அந்த டீம்ல இருந்தவங்க சார்பா நான் என்ன சொல்ல. ஆனா ஒன்னு கேக்குறேன் கோவிச்சுக்காதீங்க, அவ்வளவு நடந்தும் உங்க அப்பா அம்மா வண்டி ஏறி வந்துரலயே, ரிட்டயர்மெண்ட் வரைக்கும் நின்னாங்களே, அது எதனால? அதத்தான நான் சொல்ல வர்றேன். இன்னைக்கு பசங்க முதல் காய்ச்சலுக்கே டிக்கெட் போடுறாங்க.

ஓரியூர்_மண்
நான் ஆர்.சி., ராம்நாடு பக்கம். உங்க சண்டைல நடுவுல நுழையுறதுக்கு மன்னிக்கணும், எங்க ஊர் புனிதர பத்தி சொல்லாம போக முடியல.

அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ), லிஸ்பன்ல அரண்மனை வட்டாரத்துல வளந்தவர், நம்ம ஊருக்கு வந்து காவி கட்டி பண்டாரசாமியா கறி மீன் தொடாம மறவர் நாட்டுல அலைஞ்சவர். 1686ல பிடிச்சு கட்டி வச்சு தண்ணில முக்கி, அடிச்சு நொறுக்கிட்டாங்க. ராஜா விட்டுட்டார், இனிமே இந்த நாட்டுல போதிக்க கூடாதுன்னு சொல்லி. அவர் என்ன பண்ணார்? சபை வேலையா ஐரோப்பா போனார். அங்க போர்ச்சுகல் ராஜா இங்கயே இருந்துருங்கன்னு கெஞ்சுறார், பதவி, மரியாதை எல்லாம் ரெடி. அத உதறிட்டு திரும்ப கப்பல் ஏறி, என்ன நடக்கும்னு நல்லா தெரிஞ்சே மறவர் நாட்டுக்குள்ள வந்தார். மறவர் நாட்டு இளவரசர் தடியத்தேவர் ஞானஸ்நானம் வாங்க வந்தப்ப பல பொண்டாட்டி கூடாது, ஒருத்தர வச்சுக்க, மத்தவங்கள விட்டுருன்னுட்டார், அதுல விலகுன ஒரு மனைவி ராம்நாடு ராஜா சேதுபதிக்கு சொந்தம். அதுலதான் விவகாரம் பெருசாச்சு, 1693 பிப்ரவரில ஓரியூர்ல தலைய வெட்டிட்டாங்க. இன்னைக்கும் அந்த செம்மண்ண சனங்க மடில கட்டிட்டு போறாங்க, எல்லா சாதி சனமும் வருது.

இத ஏன் சொல்றேன்னா, அவர் முதல் தடவ வெளிய போனத யாரும் ஓட்டம்னு சொல்றதில்ல. அதே மனுஷன் தான் ரெண்டாவது தடவ வந்து கழுத்த குடுத்தார். பாட்டுக்கு பயந்தா வந்திருக்க மாட்டார், பாட்டுமேல ஆசைன்னா போயிருக்க மாட்டார்.

இன்னொன்னு, ரொம்ப பழைய காலத்து விஷயம். ரெண்டாம் நூற்றாண்டுல ஸ்மிர்னா சபை தன் பிஷப் போலிகார்ப்போட மரணத்த பத்தி எழுதுன கடிதத்துல குயிந்து-ன்னு ஒருத்தன் வர்றான், பிரிகியாக்காரன். நான் சாகத் தயார்னு தானா முன்னாடி போய் நின்னவன், கூட நாலு பேரையும் கெளப்பி விட்டவன், மிருகங்கள பாத்ததும் பயந்து சாமி கும்பிட்டு தப்பிச்சுட்டான். தானா போய் தலைய நீட்டுறவங்கள நாங்க மெச்சுறதில்ல, சுவிசேஷம் அப்படி சொல்லித் தரலன்னு அந்த சபை அங்கயே எழுதி வச்சிருச்சு. போலிகார்ப்பே முதல்ல ஊருக்கு வெளிய பண்ணை வீட்டுக்கு போனவர்தான், பிடிக்க வந்தப்ப சாப்பாடு போட்டுட்டு கூட போனார். சிங்கத்துக்கு போடுற காலத்துலயே சபைக்கு இந்த நிதானம் இருந்திருக்கு, நமக்கு இன்சூரன்ஸ் போடலாமா வேண்டாமான்னு சண்ட.

சும்மா_ஒருத்தன்
நான் எந்த மதமும் இல்ல, நண்பர் லிங்க் குடுத்தார்னு வந்தேன். ஒரு கேள்வி. நீங்க எல்லாரும் போறவரோட பாட்ட பத்தியே பேசுறீங்க, போய் சேருற ஊர்ல இருக்குறவன் பாட்ட பத்தி ஒருத்தரும் பேசலயே? 2018 நவம்பர்ல அமெரிக்காக்காரர் ஜான் சாவ் அந்தமான்ல வட சென்டினல் தீவுக்கு திருட்டுத்தனமா போய் அம்பு பட்டு செத்தார். சாகத் தயாராதான் போனார், சரி. வெளியாள் மூச்சுல போற ஒரு சாதா சளிக்கே அந்த ஜனங்க கூண்டோட போக வாய்ப்பு இருக்கு, அதுக்கு அவங்க தயாரான்னு யார் கேட்டா? அதுக்காகத்தான் அங்க போகவே கூடாதுன்னு சட்டம் இருக்கு. தன் உயிர பணயம் வைக்கிறவனுக்கு அடுத்தவன் உயிரையும் சேத்து வைக்கிற உரிமை தானா வந்துருமா என்ன. ஜார்க்கண்ட்லயும் 2017ல மதமாற்ற சட்டம் வந்திருக்கு, உங்க தம்பி அத முதல்ல படிக்கட்டும்.

பாளை_ஜெபராஜ்
ஐயா, சாவ் பண்ணது சரின்னு நான் சொல்ல மாட்டேன், சட்டத்த மீறி போனார். ஆனா அவர ஒருத்தர வச்சு எல்லாரையும் அளக்காதீங்க. ஒரிசாவுல கிரகாம் ஸ்டெயின்ஸ் 1965ல இருந்து பாரிபதால குஷ்டரோகிங்க புண்ண துடைச்சவர். 1999 ஜனவரில மனோகர்பூர்ல ராத்திரி வண்டில தூங்கிட்டு இருந்தவர 10 வயசு, 6 வயசு பசங்க ரெண்டு பேரோட சேத்து கொளுத்துனாங்க. கிளாடிஸ் அம்மா மன்னிச்சுட்டேன்னு சொன்னாங்க, மூட்டைய கட்டல, 2004 வரைக்கும் அங்கயே இருந்து அந்த வேலைய பாத்தாங்க, அரசாங்கமே பத்மஸ்ரீ குடுத்துச்சு. அந்தம்மா வசதி கேட்டாங்களா?

வார்டு_சிஸ்டர்
நான் நர்ஸ், சொந்த ஊர் நாசரேத், ஜார்க்கண்ட் பீகார் பார்டர்ல மிஷன் ஆஸ்பத்திரில ரொம்ப வருஷம் வேலை பாத்தவ. கிளாடிஸ் அம்மா மன்னிச்சது உண்மை, அதே நேரத்துல கொலை கேஸும் நடந்துச்சு, குற்றவாளி தாரா சிங்குக்கு ஆயுள் தண்டனைய 2011ல சுப்ரீம் கோர்ட் உறுதி பண்ணுச்சு. மன்னிக்கிறது வேற, சட்டம் அதோட வேலைய பாக்குறது வேற. பவுல் கூட பிலிப்பில அடி வாங்கிட்டு பாட்டு பாடுனார்னு சொல்றோம், மறுநாள் காலைல நாங்க ரோமர், விசாரிக்காம அடிச்சிருக்கீங்க, அதிகாரிங்களே வந்து எங்கள வெளிய கூட்டிட்டு போகட்டும்னு உக்காந்துகிட்டார்ல, அத யாரும் பிரசங்கம் பண்றதில்ல. இன்னொரு தடவ சாட்டைய எடுத்தப்ப அடிக்கிறதுக்கு முன்னாடியே ரோம குடியுரிமைய சொல்லி தப்பிச்சார்.

இப்ப தாமிரபரணிக்கு. சாஹிப்கஞ்ச், பாகூர், கொட்டா, தும்கா, அந்த நாலு ஜில்லாவும் காலா அசாருக்கு (மணல் ஈ கடிச்சு வர்ற விடாத காய்ச்சல்) பேர் போன இடம், கூடவே மலேரியா, அதுலயும் மூளைக்கு ஏறுற ஃபால்சிபாரம் வகை. நான் பாத்த சாவுல பாதி லேட்டா வந்ததால. காய்ச்சல் அடிக்குது, ஜெபம் பண்ணிட்டு பாராசிட்டமால் போட்டு நாலு நாள் பாப்போம்னு மலை மேலயே இருந்துருவாங்க, அஞ்சாம் நாள் கட்டில்ல கட்டி தூக்கிட்டு வரும்போது புள்ளைக்கு ஃபிட்ஸ். காய்ச்சல் வந்த அன்னைக்கே விரல்ல ஒரு சொட்டு ரத்தம் எடுத்து மலேரியா கிட்ல பாத்தா கால் மணி நேரத்துல தெரியும், கிட் விலையும் ஒன்னும் பெருசு இல்ல. ரெண்டு வாரத்துக்கு மேல காய்ச்சல் விடலன்னா, இடது பக்கம் வயிறு கெட்டியா இருந்தா, காலா அசார் டெஸ்ட், கவர்மெண்ட் ஆஸ்பத்திரில ஊசி ஃப்ரீ. அத பரப்புற மணல் ஈ சாதா கொசுவலை ஓட்டைக்குள்ள புகுந்துரும், அவ்வளவு சின்னது, மண் சுவர் வெடிப்புலயும் மாட்டு கொட்டகைலயும் இருக்கும், அதனால மருந்து ஏத்துன வலை வாங்கணும், சுவர் பூசணும், மருந்து அடிக்க வர்றவங்கள திருப்பி அனுப்பக்கூடாது.

இதெல்லாம் செஞ்சா பாடு குறையுமே தவிர இல்லாம போகாது, கவலப்படாதீங்க ஜெபராஜ் அண்ணே, உங்களுக்கு வேண்டிய பாடு மிச்சம் இருக்கும். மொழி புரியாம ஆறு மாசம் ஊமை மாதிரி இருக்கணும், அம்மா செத்த சேதி அடக்கம் முடிஞ்சப்புறம் வரும், பத்து வருஷம் உழைச்ச ஊர்ல ஒரு வதந்தில எல்லாரும் முகத்த திருப்பிப்பாங்க. அத யாரும் தடுக்க முடியாது, அதத்தான் ஏத்துக்கணும். தடுக்க முடியுற மலேரியாவ ஏத்துக்கிட்டா அதுல சிலுவை எங்க இருக்கு, கொசு தான் இருக்கு.

இன்னொன்னு சொல்லியே ஆகணும், அங்க உள்ள பகாடியா சனங்க அதே காய்ச்சலோட தான் தலைமுறை தலைமுறையா இருக்காங்க, அவங்கள யாரும் தியாகின்னு கூப்பிடுறதில்ல, அவங்க போட்டோவ காலண்டர்ல போடுறதில்ல. நமக்கு ரிட்டன் டிக்கெட் இருக்கு, அவங்களுக்கு இல்ல. சும்மா_ஒருத்தன் தம்பி கேட்டதுல பாதி நியாயம் அங்க இருக்கு.

மானிப்பாய்
வணக்கம், நான் யாழ்ப்பாணம், இப்ப டொரன்டோவில இருக்கிறன். எங்கட பக்கம் அமெரிக்கன் மிஷன் 1816 இல வந்தது. உடுவில் பள்ளிக்கூடத்தை 1824 இல தொடங்கின ஹரியட் வின்ஸ்லோ 1833 இல அங்கயே செத்தவ. அந்தக் காலத்து மிஷன் பெண்டுகள் கனபேர் பிள்ளைப்பேற்றிலயும் காய்ச்சலிலயும் போனவை, அவையின்ர புருஷன்மாரின்ர பேர்தான் புத்தகங்களில இருக்கு.

ஆனா நான் சொல்ல வந்தது டொக்டர் சாமுவேல் கிறீனைப் பற்றி. 1847 இல வந்தவர், மானிப்பாயில ஆஸ்பத்திரி நடத்தினவர். தமிழ் படிச்சு, தமிழிலயே எங்கட பெடியளுக்கு இங்கிலீஷ் வைத்தியம் படிப்பிச்சு, உடற்கூறு, ரணவைத்தியம் எண்டு புத்தகங்களும் தமிழில போட்டவர். இடையில உடம்பு ஏலாமல் அமெரிக்காவுக்குப் போய் சில வருஷம் நிண்டு, அங்க கலியாணமும் முடிச்சு, 1862 இல திரும்பி வந்து இன்னும் பதினொரு வருஷம் வேலை செய்தவர். அவர் ஓய்வுக்குப் போகாமல் 1857 இலயே மானிப்பாயில செத்திருந்தா எங்களுக்கு ஒரு கல்லறை கூடியிருக்கும், அந்தப் புத்தகங்களும் அவர் உருவாக்கின தமிழ் டொக்டர்மாரும் அரைவாசிதான் மிஞ்சியிருக்கும். அவர் போன பிறகும் வேலை நடக்கவேணும் எண்டுதான் தமிழில படிப்பிச்சவர். செத்துக் காட்டுறதிலயும் பார்க்க அது கஷ்டம் எண்டு நான் நினைக்கிறன்.

மிஷன்பையன்
மானிப்பாய் சொன்னத அப்படியே எங்க கமிட்டிக்காரங்களுக்கு ஃபார்வேர்ட் பண்ணலாம் போல. பொம்பளைங்க பத்தி சொன்னதால வில்லியம் கேரி சம்சாரம் டாரதிய நினைச்சுக்கிட்டேன். இந்தியாவுக்கு வரவே மாட்டேன்னு முதல்ல மறுத்தவங்க, கடைசி நேரத்துல தங்கச்சியும் கூட வர்றான்னதும் கைக்குழந்தையோட கப்பல் ஏறுனாங்க. வந்த மறு வருஷமே 1794ல அஞ்சு வயசு மகன் பீட்டர் செத்துப்போனான், அதுக்கப்புறம் அவங்களுக்கு மனசு பிசகிருச்சு, 1807ல சாகுற வரைக்கும் சரியாகல, பல நாள் ரூம்ல வச்சு பூட்ட வேண்டியிருந்துச்சு. பக்கத்து ரூம்ல கேரி வேதத்த மொழிபெயர்த்துட்டு இருந்தார். நம்ம ஞாயிறு பள்ளில கேரி கதைய வருஷா வருஷம் சொல்றோம், டாரதி வந்தா ஒரு வரில தாண்டிருவோம். கேரி தன் பாட்ட ஏத்துக்கிட்டார், டாரதிய யாரும் கேக்கல. அக்கா, உங்க தம்பி பொண்டாட்டி என்ன சொல்றாங்க? அத இன்னும் நீங்க எழுதவே இல்ல.

தாமிரபரணி
நல்லா கேட்டீங்க தம்பி. நேத்து போன் போட்டு தனியா பேசுனேன். அவளுக்கு போக சம்மதம்தான், அவன விட அவதான் உறுதியா இருக்கா. பயம் எல்லாம் பாப்பாவ ஆறு வயசுல ஹாஸ்டல்ல விடச் சொல்லுவாங்களோன்னு தான். "அண்ணி, நான் மண்வீட்ல இருந்துருவேன், புள்ள இல்லாம இருக்க மாட்டேன், ஆனா இத கேட்டா அழைப்பு இல்லன்னு சொல்லிருவாங்களேன்னு வாயே தொறக்கல"ங்கிறா. புருஷன் கிட்டயே சொல்லலயாம். எனக்கு வயிறு கலங்கிருச்சு. ஹாஸ்டல்ல வளந்தவங்க இங்க இருக்கீங்களே, சொல்லுங்க.

மிஷன்பையன்
நான் வளந்தேன், கெட்டுப் போகல. நல்ல வார்டன் கிடைச்சார், ஃப்ரெண்ட்ஸ் கிடைச்சாங்க, தமிழ் படிச்சேன். ஆனா முதல் லீவுக்கு வீட்டுக்கு போனப்ப அம்மாவ "ஆண்ட்டி"ன்னு கூப்பிட்டேனாம், எனக்கு ஞாபகம் இல்ல, அம்மாவுக்கு இருக்கு. எல்லா புள்ளையும் ஒரே மாதிரி இல்ல, என் தங்கச்சிக்கு அது சரிப்படவே இல்ல, ரெண்டு வருஷத்துல கூட்டிட்டு போய் லோக்கல் ஸ்கூல்ல சேத்தாங்க, அங்க ஹிந்தியும் மால்தோ மாதிரி ஒரு பழங்குடி மொழியும் பேசி வளந்தா, ஊர் சனத்துக்கு எங்க அப்பாவ விட அவதான் நெருக்கம். அதனால முன்கூட்டியே எழுத்துல கேட்டுக்கங்க, புள்ள எத்தன வயசு வரைக்கும் கூட இருக்கலாம், ஹாஸ்டல் கட்டாயமா, அம்மா வருஷத்துக்கு எத்தன தடவ வந்து பாக்கலாம், டிக்கெட் யார் போடுறதுன்னு. கேட்டதுக்கே அழைப்பு இல்லன்னு சொல்ற இடம்னா, அது தெரிஞ்சதும் நல்லதுதான்.

சேகர_டீச்சர்
லேட்டா வர்றேன். மிஷனரி சரித்திரம்னாலே வெள்ளக்காரங்க பேரா வருது, நம்ம ஆள் ஒருத்தர சொல்லிட்டு போறேன். வெள்ளாளன்விளைல 1874ல பொறந்த அசரியா, 1903ல பாளையங்கோட்டைல இந்திய மிஷனரி சங்கம் தொடங்குனப்ப முன்ன நின்னவர். நம்ம ஜனங்க காசுல நம்ம ஆளுங்கள தெலுங்கு நாட்டுல டோர்னக்கலுக்கு அனுப்புன சங்கம். மத்தவங்கள அனுப்பி வச்சுட்டு மேஜைல உக்காந்திருக்க மனசு வராம 1909ல தானே குடும்பத்தோட கிளம்பி போனார், பிற்பாடு 1912ல முதல் இந்திய ஆங்கிலிக்கன் பிஷப் ஆனார்.

அவர் 1910ல எடின்பரோ மாநாட்டுல பேசுனது தான் இந்த இழைக்கு வேணும். உலகம் பூரா இருந்து வந்த மிஷன் தலைவருங்க முன்னாடி நின்னு, உங்க சொத்த ஏழைகளுக்கு குடுத்தீங்க, உங்க சரீரத்த சுட்டெரிக்கவும் குடுத்தீங்க, நாங்க அன்பையும் கேக்குறோம், எங்களுக்கு நண்பர்களத் தாங்கன்னார். யோசிச்சு பாருங்க, எதிர்ல உக்காந்திருந்தவங்கள்ல பொண்டாட்டி புள்ளைய காலராவுக்கு குடுத்தவங்க எல்லாம் இருந்திருப்பாங்க. உங்க தியாகம் பொய்னு அவர் சொல்லல, தியாகம் எல்லாம் பண்ணிட்டு எங்கள வீட்டுக்கு கூப்பிட்டு பக்கத்துல உக்கார வச்சு சாப்பிட மாட்டேங்குறீங்களேன்னு சொன்னார். பலபேருக்கு கோவம் வந்துச்சாம், வராம என்ன. ஒருத்தன் எவ்வளவு கஷ்டப்பட்டான்னு அவன அனுப்புன ஊர் கணக்கு பாக்கும், அவன் போன ஊரு அவன் எங்கள மதிச்சானான்னு பாக்கும். நூறு வருஷத்துக்கு மேலாச்சு, இப்ப அனுப்புற எடத்துல நம்ம இருக்கோம், மலைல இருக்குற பகாடியா நம்ம மிஷனரிய பாத்து அதே கேள்விய கேட்டா என்ன பதில் வச்சிருக்கோம்?

பாளை_ஜெபராஜ்
டீச்சர், அருமை. அசரியா பிஷப் பத்தி நீங்க சொன்னது எனக்கு உறைச்சுது. ஆனாலும் நான் முதல்ல சொன்னதுல இருந்து இறங்க மாட்டேன், திரும்பி வர்றத பழக்கமாக்குனா ஊழியம் நிக்காது. பம்பிலியால பாதில விட்டுட்டு போன மாற்குவ பவுலே ரெண்டாவது தடவ சேத்துக்க மாட்டேன்னுட்டார்.

ஓரியூர்_மண்
ஐயா அந்த கதைய அங்கயே நிறுத்திட்டீங்களே. பர்னபா கூட்டிட்டு போனார்ல. கடைசில ரோமாபுரி ஜெயில்ல இருந்து அதே பவுல் "மாற்குவ கூட்டிட்டு வா, ஊழியத்துல எனக்கு பிரயோஜனமுள்ளவன்"னு எழுதுறார் (2 தீமோத்தேயு 4:11). அதே கடிதத்துல மேலங்கிய எடுத்துட்டு வா, மாரிகாலத்துக்கு முன்னாடி வந்துருன்னும் கேக்குறார். சாகப்போறது தெரிஞ்ச மனுஷன், குளிருதுன்னு போர்வ கேக்குறார், அதுல அவருக்கு வெக்கமே இல்ல.

வார்டு_சிஸ்டர்
மாற்கு பேச்சு வந்ததால சொல்றேன், திரும்பி வந்தவங்கள நம்ம சபைங்க நடத்துற விதம் தான் எனக்கு ரொம்ப வலிக்கிறது. பர்மால ஜட்சன் 17 மாசம் ஜெயில்ல கிடந்தார், வெளிய வந்த கொஞ்ச நாள்ல 1826ல மனைவி ஆன் போயிட்டாங்க, ஆறு மாசத்துல குழந்தையும். அந்தாளு காட்டுக்குள்ள குடிசை போட்டுகிட்டு தனக்கே குழி வெட்டி அதுகிட்ட உக்காந்திருந்தார். இன்னைக்குன்னா டிப்ரஷன்னு மருந்து குடுப்போம். தேறி வந்து 1834ல பர்மிய வேதாகமத்த முடிச்சார், ஆனா அந்த குழி கிட்ட இருந்த காலத்த பத்தி நம்ம மேடைல சொல்றதே இல்ல, அதனால இப்ப அதே நிலைல இருக்குற ஊழியக்காரன் தனக்கு மட்டும்தான் இப்படின்னு நினைச்சுக்கிறான். ஜெபக்குறிப்புல "சரீர சுகம்"னு எழுதுவான், ராத்திரி தூக்கம் வரலன்னு எழுத மாட்டான், எழுதுனா தாங்குறவங்க என்ன நினைப்பாங்கன்னு பயம்.

ஜெபராஜ் அண்ணே, பிலிப்பியர் 4:14 எடுத்து பாருங்க, என் உபத்திரவத்துல உடன்பட்டீங்க, நல்லா செஞ்சீங்கன்னு பவுல் எழுதுறது யாருக்கு? ஊர்ல இருந்துகிட்டு பணம் அனுப்புனவங்களுக்கு. அனுப்புறவங்களுக்கும் பாட்டுல பங்கு இருக்கு, அது பர்ஸ்ல இருந்து வர்ற பங்கு.

பாளை_ஜெபராஜ்
சரிம்மா, பிடிச்சுட்டீங்க. எங்க சேகரத்துல (சபை வட்டாரத்துல) மிஷனரி ஞாயிறு காணிக்கை வருது, அதுல ஒரு குடும்பத்துக்கு மருத்துவ இன்சூரன்ஸ் பிரீமியம் தனியா எடுக்க போதகர் ஐயர்கிட்ட பேசுறேன். தாமிரபரணி சிஸ்டர், தம்பி எந்த இயக்கம்னு எனக்கு தனி மெசேஜ்ல மட்டும் சொல்லுங்க, இங்க போட வேண்டாம். ஹாஸ்டல் விஷயத்துல இன்னும் எனக்கு உங்க எல்லாரோடயும் ஒத்துப்போகல, அத அப்புறம் பேசலாம்.

தாமிரபரணி
ரொம்ப நன்றி ஐயா, மெசேஜ் பண்றேன். தம்பிக்கு இந்த இழையோட லிங்க்க அனுப்பிட்டேன், முழுசா படிச்சிருக்கான், பதிலுக்கு "அக்கா மருந்து ஏத்துன வலை எங்க கிடைக்கும்"னு மட்டும் கேட்டிருக்கான். ஹாஸ்டல் பத்தி அவனும் அவளும் இன்னைக்கு தான் முதல் தடவ உக்காந்து பேசிட்டு இருக்காங்க போல. வார்டு சிஸ்டர், வலை எங்க வாங்குறது?

வார்டு_சிஸ்டர்
வாங்க வேண்டாம், அங்க ஆரம்ப சுகாதார நிலையத்துல சீசனுக்கு குடுப்பாங்க, ஆனா ஜூன்ல போனதும் கிடைக்கும்னு நம்பாதீங்க, மழை ஆரம்பிச்சுரும். முதல் மூணு மாசத்துக்கு இங்கயே மெடிக்கல் சப்ளை கடைல ரெண்டு டபுள் சைஸ் வாங்கி குடுத்து அனுப்புங்க, பாப்பாவுக்கு தனியா வேண்டாம், அம்மா கூட படுக்கட்டும். கிளம்புறதுக்கு முன்னாடி மூணு பேருக்கும் ஜி6பிடி டெஸ்ட் (ரத்தத்துல ஒரு என்சைம் எவ்வளவு இருக்குன்னு பாக்குறது) எடுத்து ரிசல்ட்ட பேப்பரா கைல வச்சுக்கணும், அது குறைவா இருந்தா ஒரு மலேரியா மாத்திர சேராது, அவசரத்துல அங்க போய் பாக்க முடியாது. பார்ஹர்வா ஸ்டேஷன்ல இறங்குனா என் பழைய ஸ்டாஃப் நர்ஸ் ஒருத்தி அங்க பக்கம்தான் இருக்கா, நம்பர் மெசேஜ்ல போடுறேன், தமிழ் தெரியாது, ஆனா ராத்திரி எத்தன மணிக்கு கூப்பிட்டாலும் எடுப்பா.